எஃகின் எடையும் புகையின் எடையும்

நம் நாட்டில் ஒரு டன் எஃகு உருவாகும்போது, சராசரியாக இரண்டரை டன் அளவுக்குக் கரியமில வாயுவும் வெளியேறுகிறது. செய்த பொருளைவிடப் புகையின் எடை அதிகம்!

இரும்புத்தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த கல். அந்த ஆக்சிஜனைப் பிரிக்கத்தான் ஊது உலையில், நிலக்கரியிலிருந்து தயாரித்த கல்கரியைப் போடுகிறார்கள். கல்கரியிலுள்ள கார்பன் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு கரியமில வாயுவாக மேலெழுகிறது. ஆக, நிலக்கரி அங்கே வெறும் எரிபொருள் அல்ல, வேதிவினையிலும் பங்கு கொள்கிறது. சூரிய மின்சாரத்துக்கு மாறினால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது.

கார்பனின் வேலையை ஹைட்ரஜன் செய்தால் வெளிவருவது நீராவிதான். 2023 ஏப்ரலில் டாடா ஸ்டீல், ஜாம்ஷெட்பூரில் ஓர் ஊது உலைக்குள் ஹைட்ரஜனைச் செலுத்திச் சோதித்தது. நல்ல தொடக்கம். ஆனால் மாசில்லாமல் தயாரிக்கும் ஹைட்ரஜனின் விலை இன்னும் அதிகம்.

கைக்கு எட்டிய வழி, பழைய இரும்பு. காயலான் கடைக்குப் போகும் துருப்பிடித்த கட்டில்கூட மின் உலையில் உருகி மறுபடி எஃகாகும். ஆனால் வளரும் நாட்டில் பாலங்களும் கட்டடங்களும் இன்னும் புதியவை. அவை பழைய இரும்பாகப் பல ஆண்டுகள் ஆகும்.

2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை வகுத்தது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கரியமில வாயு வெளியிட்டால் நட்சத்திரக் குறியீடு உண்டு. 1.6 டன்னுக்கும் கீழே இறங்கினால் ஐந்து நட்சத்திரம்.