வேலையாக வந்த அப்பம்



வாடகை செலுத்தும் நாள் நெருங்குகிறது. கையிலோ வேலை இல்லை. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. ஜெபித்து எழுந்த பின்பும், “தேவன் என்னை மறந்துவிட்டாரோ?” என்ற கேள்வி உள்ளத்தை அரிக்கிறது. பிழைப்பைத் தேடி ஹைதராபாத்திற்கும் செகந்திராபாத்திற்கும் வந்த நம்மில் அநேகர் இப்படிப்பட்ட இரவுகளை அறிவோம்.

இந்நகரத்திலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் மேதக் பேராலயம் நிற்கிறது. குடும்பமாய்ச் சென்று கண்டிருப்பீர்கள். 175 அடி உயரக் கோபுரமும், வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் நம்மை வியக்கச் செய்கின்றன. ஆனால் அது செழிப்பின் நாட்களில் எழும்பியதல்ல. முதலாம் உலகப்போரின் காலம். நிஜாமின் ஆட்சியிலிருந்த அப்பகுதியைப் பஞ்சம் வாட்டியது. மெதடிஸ்ட் மிஷனெரி சார்லஸ் வாக்கர் போஸ்நெட் பசித்த ஜனங்களைக் கண்டார். அவர்கள் வேலை செய்து உணவு பெறும்படி ஆலயக் கட்டுமானத்தையே வழியாக்கினார். 1914-ல் தொடங்கிய பணி பத்து ஆண்டுகள் நடந்தது; 1924 டிசம்பர் 25 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

அங்கே கல் சுமந்தவர்களுக்கு வானத்திலிருந்து அப்பம் விழவில்லை. வேலை வந்தது, அந்த வேலையின் வழியாய் ஆகாரம் வந்தது. அதுவும் தேவனுடைய போஷிப்பே அல்லவா?

ரூத்தின் சரித்திரத்தையும் நினைத்துப் பாருங்கள். பஞ்சத்தினிமித்தம் மோவாபுக்குக் குடிபெயர்ந்த நகோமி, கணவனையும் இரு குமாரரையும் இழந்து வெறுமையாய்த் திரும்பினாள். தன்னை மாராள் என்று அழைக்கச் சொல்லுமளவுக்கு அவள் மனம் கசந்திருந்தது. கர்த்தர் அவளைத் தள்ளிவிடவில்லை. அந்நிய தேசத்தாளாகிய ரூத் கதிர் பொறுக்கப் போனாள். ஏழைக்கும் பரதேசிக்கும் வயலில் மீதம் விடவேண்டுமென்ற கட்டளை முன்னமே கொடுக்கப்பட்டிருந்தது. போவாஸோ அவளுக்காக அரிகளில் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிடச் சொன்னான். அன்று மாலை நகோமியின் வீட்டுக்கு வாற்கோதுமை வந்து சேர்ந்தது. அவளுடைய கசப்பு நீங்குமுன்னே அவளுடைய ஆகாரம் ஆயத்தமாயிற்று.

ஆகவே, சந்தேகம் எழும்பியதினாலே கர்த்தர் உங்களைக் கைவிட்டார் என்று எண்ணாதீர்கள். நகோமியைப் போல உள்ளதை உள்ளபடியே அவரிடம் சொல்லுங்கள். ரூத்தைப் போல இன்றைக்குத் திறந்திருக்கும் வயலுக்குப் புறப்படுங்கள். படித்த படிப்புக்கும் முன்பு வகித்த பதவிக்கும் அது சிறியதாய்த் தோன்றலாம். நேர்மையான எந்த வேலையும் இழிவானதல்ல. வீட்டின் நிலைமையை வாழ்க்கைத்துணையிடம் மறைக்காதீர்கள். வட்டிக்குக் கடன் வாங்குமுன் சபையில் நம்பத்தக்க ஒருவரோடு பேசுங்கள்.

நல்ல நிலையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையிழந்த சகோதரனிடம், “உமக்கு விசுவாசம் குறைவு” என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் காலியிடம் உண்டானால் அவருக்குத் தெரிவியுங்கள். அரிசி வாங்கும்போது அவர் வீட்டையும் நினையுங்கள். அவர் வெட்கப்படாதபடி கொடுங்கள். ஒருவருடைய ஜெபத்துக்கான பதிலைக் கர்த்தர் உங்கள் கையில் வைத்திருக்கக்கூடும்.

அன்றன்றுள்ள ஆகாரத்தைத் தருகிற பரமபிதா உங்கள் இல்லத்தை இம்மாதமும் போஷித்து நடத்துவாராக. ஆமென்.