குளவி கொட்டினால் வீக்கம் மட்டும்தானா?

பள்ளியில் துப்புரவுப் பணி நடக்கிறது. புதரை வெட்டும்போது உங்கள் நண்பனைக் குளவி கொட்டிவிடுகிறது. பத்து நிமிடத்தில் அவன், "தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கு" என்கிறான். உடனே என்ன செய்வீர்கள்?

கொட்டிய இடத்தில் வலியும் சிவப்பும் வீக்கமும் வருவது இயல்பு. வீக்கம் இரண்டு நாள் வரை பெரிதாகலாம். பிறகு தானே வடியும். நண்பனுக்கு நேர்ந்திருப்பது வேறு. அதன் பெயர் அனாஃபிலாக்சிஸ். உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை.

1902-இல் பிரான்ஸைச் சேர்ந்த ரிஷே, போர்ட்டியே இருவரும் கடல் அனிமோன் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார்கள். முதல் முறை தாக்குப்பிடித்த நாய், சில வாரங்களுக்குப் பின் சிறிதளவு நஞ்சிலேயே இறந்தது. இந்த ஆய்வுக்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் அப்படி? முதல் முறை கொட்டும்போது சிலரது உடல் அந்த நஞ்சுக்கு எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அது மாஸ்ட் உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை நஞ்சு நுழைந்ததும் அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்டித் தீர்க்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. ஆகவே, 'போன தடவை ஒன்றும் ஆகவில்லையே' என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:
• உடல் முழுவதும் தடிப்பு, அரிப்பு
• உதடு, நாக்கு வீங்குதல், குரல் கம்முதல்
• மூச்சுத்திணறல், இளைப்பு
• வாந்தி, தலைசுற்றல், மயக்கம்

செய்ய வேண்டியவை:
1. கூட்டைவிட்டு விலகுங்கள். தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும், உடனே அகற்றுங்கள்.
2. அட்ரினலின் ஊசி வைத்திருப்பவராக இருந்தால், தொடையின் வெளிப்பக்கத்தில் போட உதவுங்கள். அது இரத்தக் குழாயைச் சுருக்கி, மூச்சுக்குழாயைத் திறக்கும். ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது.
3. 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.
4. படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள், இரத்த அழுத்தம் மேலும் சரியலாம்.

ஊசி போட்டதும் நண்பன் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரத்தில் அறிகுறிகள் திரும்பக்கூடும். பிறகு ஒவ்வாமை நிபுணரைப் பார்க்கட்டும். நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு.