கொரில்லாவைக் காணச் செல்வோரும் வன்னிக் காடும்



பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், விசுவமடுவைக் கடந்ததும் உடையார்கட்டு என்னும் ஊர் வருகின்றது. குளமும், குளத்தின் கீழ் வயலும், அவற்றுக்கு அப்பாற் காடும் கொண்ட வன்னிக் கிராமம் அது. இக்காட்டிற் கொரில்லா இல்லை. இலங்கையில் எங்குமே வாலில்லாக் குரங்கினம் காட்டில் வாழ்வதில்லை. ஆயினும், ஆபிரிக்கக் காடுகளிற் கொரில்லாவைக் காண மக்கள் எவ்வாறு நடந்து செல்கின்றனர் என்பதை வன்னியில் வாழ்வோர் அறிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில், அக்காடுகளும் போரைக் கண்டவை. அவற்றின் ஓரத்திலும் உழுதுண்டு வாழும் மக்களே குடியிருக்கின்றனர்.

மலைக் கொரில்லாக்கள் வாழும் இடங்கள் உலகில் இரண்டே. றுவாண்டா, உகண்டா, கொங்கோ ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் கூடுமிடத்திலுள்ள விருங்கா எரிமலைத் தொடர் ஒன்று. உகண்டாவின் புவிண்டிக் காடும் அதனை அடுத்த பகுதியும் மற்றொன்று. வளர்ந்த ஆண் கொரில்லா 150 கிலோகிராமுக்கு மேலும் நிறைகொள்ளும். அதன் முதுகு மயிர் நரைத்து வெள்ளிபோல் விளங்கும். இத்தனை பெரிய உடலை அது வளர்ப்பது தழையாலும் தண்டாலும் மூங்கிற் குருத்தாலுமே. 1959ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஷாலர் என்னும் அறிஞர் விருங்காவிற் பொறுமையுடன் இருந்து ஆராய்ந்த பின்னரே, கொரில்லா கொடிய விலங்கு என்னும் பழைய எண்ணம் நீங்கத் தொடங்கிற்று. 1967இல் அங்கு ஆய்வு நிலையம் அமைத்த டயன் பொசி அம்மையார், விலங்குத் திருடரை எதிர்த்துப் போராடி, 1985இற் கொலையுண்டார்.

கொரில்லாவைக் காணும் முறை யாது? கொரில்லாக் கூட்டம் ஒவ்வோர் இரவும் தழைகளை மடித்துப் புதிய படுக்கை அமைத்து உறங்கும். விடியற்காலையில், தடம் பார்ப்பதில் வல்ல ஊரவர் சிலர் முதல்நாள் கூட்டத்தைக் கண்ட இடத்துக்குச் செல்வர். ஒடிந்த தண்டு, மென்ற தழை, எச்சம் ஆகியவற்றைத் தொடர்ந்து சென்று, கூட்டம் இருக்குமிடத்தை வழிகாட்டிக்கு அறிவிப்பர். அதன் பின்னரே பார்வையாளர் மலையேறுவர். ஒரு கூட்டத்தைக் காண நாளொன்றுக்கு எட்டுப் பேருக்கே அனுமதி. அவர்களும் ஒரு மணி நேரம் மட்டுமே நிற்கலாம். கொரில்லாவுக்கும் மனிதனுக்கும் உடலமைப்பு மிக நெருங்கியது; எனவே நம் தடிமனும் இருமலும் அதனை எளிதிற் பற்றிக் கொல்லக்கூடும். இதனாலேயே தூரம் விட்டு நிற்றலும், முகத்தை மூடிக்கொள்ளுதலும், நோயுற்றோர் செல்லாதிருத்தலும் விதிகளாயின. மனிதரைக் கண்டு ஓடாதபடி ஒரு கூட்டத்தைப் பழக்குவதற்கே, நாள்தோறும் சென்று, இரண்டு ஆண்டுகள் அளவிற் காத்திருக்க வேண்டும்.

இத்தகைய ஒழுங்கு அமைதி நிலவிய நாட்டிற் பிறந்ததன்று. 1994இல் றுவாண்டாவிற் பேரழிவு நிகழ்ந்தது. 2007இற் கொங்கோப் பகுதியில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த கொரில்லாக்கள் பல சுடப்பட்டன. காவலர் பலர் உயிரிழந்தனர். எனினும், 1981இல் விருங்காவில் 254 என எண்ணப்பட்ட கொரில்லாக்கள், 2015-2016 கணக்கெடுப்பில் 604 ஆயின. புவிண்டிப் பகுதியின் 459ஐயும் சேர்த்து மொத்தம் 1,063 என 2019இல் அறிவிக்கப்பட்டது. காவலர் காட்டைக் கைவிடாமை இதற்கு ஒரு காரணம். காண வருவோர் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பங்கு பாடசாலையாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் ஊர்களுக்குத் திரும்பி வருதல் மற்றொரு காரணம். வாழைத் தோட்டத்தினுட் புகும் கொரில்லாவைத் துன்புறுத்தாது காட்டுக்குத் திருப்பிவிடுவதற்கு ஊரவரே குழுக்களாகப் பயின்றுள்ளனர்.

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. 1991இற் புவிண்டி தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வாழ்ந்த பத்துவா மக்கள் வெளியேற்றப்பட்டனர். விலங்குக்கு இடம் கிடைத்தது; காட்டை நன்கறிந்த மனிதருக்கு இடமில்லாமற் போயிற்று.

இனி வன்னிக்கு வருவோம். கரிய முகமும் நீண்ட வாலுமுடைய சாம்பல் நிற மந்தி, தலைமயிர் தொப்பிபோற் சுழன்றிருக்கும் செங்குரங்கு, இரவில் உலாவும் சிறு தேவாங்கு ஆகியவை நம் உலர்வலயக் காட்டுக்குரிய இனங்கள். இவற்றுட் செங்குரங்கு இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மந்தி உயர்ந்த மரங்களில் உறங்குவது. எனவே வைகறையில், மரத்தைவிட்டு அது இறங்குமுன் சென்று அமர்ந்திருப்பதே காணும் வழி. மந்தி உதிர்க்கும் தழையையும் பழத்தையும் புள்ளிமான் கீழே நின்று உண்ணும். சிறுத்தையைக் கண்டு மந்தி கத்தினால், மான் தலைநிமிரும். தேவாங்கைத் தேடுவோர் மின்சூளிற் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்வர். வெள்ளொளி அதன் பெரிய கண்களை வருத்தும்.

இங்கு நடப்பவருக்கு ஒரு விதி கூடுதலாக உண்டு. 2009இன் தொடக்கத்தில் உடையார்கட்டும் போரின் நடுவே அகப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற் போர் முடிந்த போதிலும், முல்லைத்தீவு மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக நிறைவெய்தவில்லை. சிவப்புப் பலகை நிற்கும் எல்லையைத் தாண்டலாகாது. வனத் திணைக்களத்தின் அனுமதியின்றியும், தடமறிந்த ஊரவர் துணையின்றியும் காட்டிற் கால்வைத்தல் தகாது. யானையும் கரடியும் நடமாடும் காடு அது.

காண்பதற்கு இனிய குரங்கு கமக்காரனுக்குப் பகையாகவும் இருக்கின்றது. தென்னையும் மரக்கறியும் ஒரே காலையில் அழிந்தால், அவன் அதனை வியந்து நோக்குவது எங்ஙனம்? 2023இல் ஓர் இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, எதிர்ப்பின் பின் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை, பயிர் அழிக்கும் விலங்குகளை எண்ணும்படி நாடெங்கும் மக்கள் கேட்கப்பட்டனர். அதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஐந்து நிமிடம். ஐந்து நிமிட எண்ணிக்கையையும், ஒரு கூட்டத்துக்கென இரண்டு ஆண்டு காத்திருத்தலையும் ஒருங்கு வைத்து நோக்கினால், நாம் செய்யாது விட்டது புலனாகும். எந்தக் கூட்டம் எந்தக் காட்டில் உறங்குகின்றது, எப்போது எவ்வழியாகத் தோட்டத்துக்கு வருகின்றது என்பதை நாள்தோறும் தொடர்ந்து அறிந்தாலன்றி, விரட்டுவதற்கும் வழியில்லை, காப்பதற்கும் வழியில்லை.

அவ்வறிவு உடையார்கட்டு போன்ற ஊர்களில், விறகுக்கும் தேனுக்கும் காடேறிய முதியோரிடம் உண்டு. அவர்களுக்கு ஊதியமும் மதிப்பும் தந்து தடங்காட்டிகளாக்குதல் வேண்டும். கமக்காரனின் இழப்புக்கும் ஈடு கிடைத்தல் வேண்டும். அதன் பின் வெளியூரார் நடந்து வந்து பார்க்கட்டும். கொரில்லாவைக் காத்தவர் மலையடிவார ஊரவரே. வன்னிக் காட்டைக் காப்பதற்கும் அதன் ஓரத்தில் வாழ்பவரே முன்நிற்றல் வேண்டும்.