லேப்டாப்பில் சர்வர் சாப்ட்வேர்: கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

சென்ற மாதம் விடுமுறையில் உத்தமபாளையம் வந்திருந்தபோது, சித்தி மகன் ஒரு துண்டுக் காகிதத்துடன் வீட்டிற்கு வந்தான். டேட்டாபேஸ் நிர்வாகம் படிக்கிறான். கடையில் எழுதிக் கொடுத்த லேப்டாப் விபரம் அதில் இருந்தது.

"அண்ணே, ஆரக்கிள் போட்டுப் பழகணும். இது போதுமாண்ணே? திராட்சைக் காசு வந்திருச்சு, நாளைக்கே வாங்கிறலாம்னு அப்பா சொல்றாரு."

காகிதத்தின் முதல் வரியில், கேம்ஸ் விளையாட உதவும் தனி கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரியில், 8 ஜிபி ராம் மெமரி, மதர்போர்டுடன் இணைத்தே வருவது, பின்னர் கூட்ட முடியாது. எனக்குத் திக்கென்றது. முதல் வேலையில் சேர்ந்தபோது இதே தவறைத்தான் நானும் செய்தேன். அப்பா கொடுத்த பணத்தில் பளபளப்பான லேப்டாப் வாங்கினேன். டேட்டாபேஸ் சர்வரையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்தால் மவுஸ் பாயின்டர் நகராது. ஒன்றரை ஆண்டில் வேறு லேப்டாப் வாங்க வேண்டியதாயிற்று. நீங்களும் அப்படி இழக்க வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சர்வர் சாப்ட்வேரில் என்ன வேறுபாடு?

வேர்ட், எக்ஸெல் போன்றவை நீங்கள் ஒருவர் பயன்படுத்துவதற்காக எழுதப்பட்டவை. டேட்டாபேஸ் சர்வர் போன்றவை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்வதற்காக எழுதப்பட்டவை. டிஸ்க்கில் உள்ள டேட்டாவை விரைவாக எடுத்துத் தர, அதன் ஒரு பகுதியை ராம் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டு அண்டாவில் ஒரு டம்ளர் அரிசி வேக வைப்பதானாலும் அதற்குப் பெரிய அடுப்புதானே வேண்டும்? அதுபோல, நீங்கள் ஒருவர் மட்டும் பழகினாலும் இடம் அதிகம் தேவை. 2018ல் வெளியான ஷேர்பாயின்ட் சர்வர் 2019, ஒரே கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்கவே குறைந்தது 16 ஜிபி ராம் கேட்டது.

முதலில் ராம் மெமரி

பழகுபவர்கள் பெரும்பாலும் விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்து, அதற்குள் லினக்ஸ் சிஸ்டத்தையும் சர்வரையும் அமைப்பார்கள். இதனை விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். அதற்கும் தனியாக மெமரி ஒதுக்கிட வேண்டும். எனவே, தம்பியின் காகிதத்தின் பின்பக்கம் இப்படிக் கணக்கு எழுதினோம்.

விண்டோஸ் 11 இயங்க சுமார் 4 ஜிபி. பாடம் படிக்கத் திறக்கும் பிரவுசருக்கு 2. லினக்ஸும் ஆரக்கிளும் உள்ள விர்ச்சுவல் மெஷினுக்கு 6. பின்னாளில் அப்ளிகேஷன் சர்வருக்கென இன்னொரு விர்ச்சுவல் மெஷின், அதற்கு 4. கூட்டினால் 16 ஜிபி.

8 ஜிபி இதற்குப் போதாது என்பது தெளிவு. 16 ஜிபி வாங்கினாலும் கடைசியில் மிச்சம் இல்லை. ஆனால் 16 ஜிபி ஒரே ஸ்லாட்டில் இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் கவலை இல்லை. தேவைப்படும்போது இன்னொரு 16 சேர்த்து 32 ஆக்கிக்கொள்ளலாம்.

அடுத்து டிஸ்க், புரோசசர்

டேட்டாபேஸ் ஓயாமல் டிஸ்க்கில் எழுதும், படிக்கும். எனவே என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. அவசியம். ஒரு விர்ச்சுவல் மெஷின் எளிதாக 40, 50 ஜிபி இடம் பிடிக்கும் என்பதால் 512 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

புரோசசரில் குறைந்தது நான்கு கோர், ஆறு இருந்தால் நல்லது. அது இன்டெல் அல்லது ஏ.எம்.டி.யின் எக்ஸ்86 வகையாக இருக்கட்டும். ஆப்பிளின் எம் வரிசையும், குவால்காம் ஸ்நாப்டிராகனும் ஏ.ஆர்.எம். வகை. நல்ல புரோசசர்கள்தான். ஆனால் எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற சில சாப்ட்வேர்கள் எக்ஸ்86 வகைக்கு மட்டுமே தரப்படுகின்றன.

தனி கிராபிக்ஸ் கார்டு? டேட்டாபேஸ் பழக அது தேவையே இல்லை. அந்தப் பணத்தை ராமுக்குத் திருப்புங்கள்.

கடையிலேயே சோதியுங்கள்

காட்சிக்கு வைத்துள்ள லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்பாமன்ஸ் பிரிவில் மெமரியைக் கிளிக் செய்தால், எத்தனை ஸ்லாட்களில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன எனக் காட்டும். சி.பி.யு.வைக் கிளிக் செய்தால், விர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் உள்ளதா எனத் தெரியும். இல்லையெனில் பயாஸ் செட்டிங்ஸில் அதனை இயக்கித் தரச் சொல்லுங்கள்.

ஏற்கனவே 8 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவரா?

மனம் தளர வேண்டாம். ஆரக்கிளின் இலவசப் பதிப்பு 2 ஜிபி ராமுக்கு மேல் பயன்படுத்தாது. 12 ஜிபி வரை உங்கள் டேட்டாவை வைத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் திரை இல்லாத லினக்ஸில் அதனை அமைத்து, ஒரு நேரத்தில் ஒரு விர்ச்சுவல் மெஷினை மட்டும் இயக்குங்கள். எஸ்.க்யூ.எல். சர்வரின் டெவலப்பர் பதிப்பும் பழகுவதற்கு இலவசம். அதனை அலுவலகத்தின் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

எங்கள் ஊர் போல வெயிலும் மின்வெட்டும் உள்ள இடங்களில் இரண்டு குறிப்புகள். மெத்தை மேல் வைத்து இயக்கினால் காற்று போகும் வழி அடைபட்டு, சூட்டைக் குறைக்கப் புரோசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேஜை மேல் வையுங்கள். மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியே யு.பி.எஸ். போல உதவும். அந்த நேரத்தில் டேட்டாபேஸை முறையாக ஷட் டவுன் செய்திடுங்கள்.

மறுநாள் சித்தப்பாவும் வந்தார். கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், தம்பி காகிதத்தைத் திருப்பிக் காட்டி, "ஸ்லாட் காலியா இருக்குற மாடல் காட்டுங்கண்ணே" என்றான். அவன் கேட்டது போலவே, கிராபிக்ஸ் கார்டு இல்லாத 16 ஜிபி லேப்டாப் ஒன்று கிடைத்தது. நீங்களும் முதலில் கணக்கை எழுதிக்கொண்டு, பிறகு கடைக்குச் செல்லுங்கள்.