கொடையும் கணக்கும்

ஈகையின் சிறப்பினை யான் ஒருநாள் வகுப்பிலே விரித்துரைத்துக்கொண்டிருக்கையில், மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, தீநெறியில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்தால் அஃது அறமாகுமா?" என வினவினான். உடன் விடைகூற என்னால் இயலவில்லை. அவ்வினாவே அமெரிக்க வணிகரொருவரின் வரலாற்றை ஆராயுமாறு என்னைத் தூண்டிற்று.

அவர் பெயர் ஜோன் பிறவுண். அடிமைமுறையை எதிர்த்து 1859ஆம் ஆண்டிலே தூக்கிலிடப்பட்ட ஜோன் பிறவுண் வேறு, இவர் வேறு. இவர் பிரித்தானியக் குடியேற்றமாயிருந்த றோட் ஐலண்டிலே, புறொவிடன்ஸ் நகரில் வாழ்ந்தவர். நிக்கலஸ், யோசேப், ஜோன், மோசஸ் என்னும் சகோதரர் நால்வரும் கப்பல் வாணிகத்தாற் பெருஞ்செல்வராயினர். அக்குடியேற்றத்திலே 1764இல் ஒரு கல்லூரி பட்டயம் பெற்றது. அது புறொவிடன்ஸ் நகரில் நிலைபெறுதற்கு இச்சகோதரர் பெரிதும் உழைத்தனர். 1770இல் அதன் பெருங்கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் ஜோன். ஏறத்தாழ இருபதாண்டுகள் பொருளாளராக விளங்கியவரும் அவரே.

நிற்க. கல்லூரி பட்டயம் பெற்ற அதே 1764இல், இச்சகோதரரின் 'சாலி' என்னுங் கப்பல் அடிமை கொள்ளும்பொருட்டு ஆபிரிக்கக் கரைக்குச் சென்றது. கொள்ளப்பட்டோர் 196 பேர். அவருள் மாண்டோர் 109 பேருக்குக் குறையார்.

பிற்காலத்தில் இளையவராகிய மோசஸ் மனமாறினார். 1773இல் தம் அடிமைகளை விடுவித்தார்; குவேக்கர் சமயத்தைத் தழுவி, அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்டார். ஜோனோ அவ்வாணிகம் முறையானதே என வாதிட்டார். அதனைத் தடைசெய்த 1794ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1797இல் வழக்குக்கு உட்பட்டுக் கப்பலொன்றை இழந்தார். ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே கல்லூரியை வளர்த்தவர்கள். ஆயினும் நெறி இரண்டு.

1804இல் ஜோனின் தமையன் மகன் நிக்கலஸ் 5,000 டொலர் ஈந்தமையால், கல்லூரி 'பிறவுண்' என்னும் பெயர் பெற்றது. அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த றூத் சிமன்ஸ் அம்மையார், தாமும் அடிமைகளின் வழிவந்தவர், 2003இல் ஆய்வுக்குழுவொன்றை நியமித்தார். 2006இல் வெளிவந்த அறிக்கை பழைய கணக்கேடுகளைப் புரட்டி, முதற்கட்டடத்தில் அடிமைகளின் உழைப்பும் உண்டென்பதை மறையாது உரைத்தது. 2014இல் வளாகத்திலே நினைவுச்சின்னமும் எழுந்தது.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்துப் பின்னொருநாள் அம்மாணாக்கனுக்கு யான் கூறிய விடை இது: "தம்பி, கல்வி நன்றே, ஆயின் கொடை பழியைக் கழுவாது. கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறித்தல் எளிது. எவருடைய உழைப்பும் உயிரும் அக்கொடையாயின எனக் கணக்குக் காட்டுதலே அரிது. அவ்வரிய செயலைத் தன் மாணாக்கர் முன்னிலையிற் செய்த கல்விக்கூடம், தான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியையேனும் தீர்த்ததாகும்."