அசையும் மீனும் அசையாக் கருவியும்

தாம்பரத்துக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை நிலையத்தில் நில்லாமற் செல்லும் விரைவு வண்டியின் ஊதல், அது நெருங்குங்கால் சுருதி உயர்ந்தும், கடந்து அகலுங்கால் தாழ்ந்தும் ஒலிக்கும். டாப்ளர் விளைவு எனப்படும் இவ்வியல்பு ஒளிக்கும் உண்டு. விண்மீன் ஒன்று பூமியை நோக்கி வருங்கால், அதன் நிறமாலையிலுள்ள கருங்கோடுகள் நீலத்தின் பக்கம் சிறிது பெயரும். விலகுங்கால் சிவப்பின் பக்கம் பெயரும்.

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் தாய்மீனின் பேரொளியில் மறைந்துவிடுகின்றன. ஆயினும் கோள் தன் ஈர்ப்பினால் தாய்மீனையும் சிறிது அசைக்கின்றது. அவ்வசைவே கோளின் இருப்பை உணர்த்தும் சான்றாகும். வியாழன் கதிரவனை வினாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் அசைக்கின்றது. பூமியோ 9 சென்டிமீட்டர் வேகத்திலேயே அசைக்கின்றது. இஃது ஆமையின் நடையை ஒத்ததாகும்.

இத்தகைய தேடல் சென்னைக்குப் புதியதன்று. 1855-ஆம் ஆண்டில், நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்த காப்டன் ஜேக்கப் என்பார், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் இயக்கத்தில் பிறழ்ச்சி கண்டு, ஆங்கே ஒரு கோள் இருத்தல் கூடும் என அறிவித்தார். பிற்கால ஆய்வு அம்முடிவை ஏற்கவில்லை. நுண்ணிய அளவையில் சிறுபிழையும் பெருமயக்கம் தரும் அன்றோ?

நிறமாலைமானியிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தால் விளையும் கோட்டின் பெயர்ச்சி, மயிரிழைப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அறையின் வெப்பமோ காற்றழுத்தமோ சிறிது மாறினும், கருவியே அதனினும் மிகுதியாகக் கோடுகளைப் பெயர்த்துவிடும். மீனின் அசைவு எது, கருவியின் அசைவு எது என்று பிரித்தறிய இயலாது போகும்.

இக்குறையை நீக்கும் வழிகளை ராஜஸ்தானத்து ஆபு மலையிலுள்ள 'பாரஸ்' என்னும் நிறமாலைமானியிற் காணலாம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அமைத்த இக்கருவி 2012-இல் இயங்கத் தொடங்கியது. இது காற்று அகற்றப்பெற்ற கலத்துள் வைக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் வெப்பநிலை நூற்றில் ஒரு பாகை அளவுக்குமேல் மாறாதவாறு காக்கப்படுகின்றது. தொலைநோக்கி திரட்டும் ஒளி மெல்லிய கண்ணாடி இழை வழியே உள்ளே செல்கின்றது. மற்றோர் இழை, தோரியம் விளக்கின் ஒளியை அதே வேளையிற் கொணர்கின்றது. கருவி சற்றே பிறழ்ந்தால் விளக்கின் கோடுகளும் உடன் பெயரும். அவ்வளவைக் கழிக்க, எஞ்சுவது மீனின் அசைவே.

கெப்ளர் விண்கலம் கோள் உண்டென ஐயுற்ற ஒரு மீனை இக்கருவி ஆராய்ந்தது. சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதனை, பூமியினும் ஏறத்தாழ 27 மடங்கு நிறையுடைய கோள் ஒன்று 19.5 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றது என்பது 2018-இல் உறுதியாயிற்று.

தான் அசையாத துலாக்கோலே பிறவற்றின் எடையைச் சரியாகக் காட்டும். தான் அசையாத கருவியே விண்மீனின் அசைவைக் காட்டும்.