உஷார்! வெட்டிய தண்டைக் கானில் போடாதீர்கள்

மீன் தொட்டியைக் கழுவிவிட்டு, கத்தரித்த செடித் துண்டுகளை லயத்துக்குப் பின்னால் ஓடுகிற கானில் கொட்டுகிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் கான் பூண்டுலோயா ஆற்றில் விழுகிறது. ஆறு கொத்மலை ஓயாவோடு சேர்ந்து நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து மகாவலி, பொல்கொல்லை, அப்புறம் சுரங்கமும் வாய்க்காலுமாகக் கலாவாவி வரை. தண்ணீர் போகிற இடமெல்லாம் உங்கள் தொட்டிச் செடிக்கும் பாதை இருக்கிறது.

"சின்னத் துண்டுதானே" என்று வேறு யார் சொன்னாலும் தோட்டத்து ஆட்கள் சொல்லக்கூடாது. ஒரே இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, விரல் நீளத் தண்டு: இவ்வளவை வைத்துத்தான் தவறணையில் தேயிலைக் கன்று உண்டாக்குகிறோம். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 'TRI 2025' போன்ற இனங்கள் மலை மலையாய்ப் பரவியது அப்படித்தான். தொட்டித் தண்டுச் செடிக்கும் அதே கணக்கு. ஆனால் பந்தலும் வேண்டாம், மாதக்கணக்கில் காவலும் வேண்டாம். ஒரு கணு ஈரமாய் இருந்தால் அதற்குப் போதும்.

இலங்கையிலிருந்து போன செடி ஒன்றே இதற்குச் சாட்சி. 1950களின் தொடக்கத்தில் ஹைட்ரில்லா இங்கிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மீன் தொட்டிச் செடியாகப் போனது. செடி தேறவில்லை என்று வியாபாரி கால்வாயில் எறிந்தார். போனதெல்லாம் பெண் செடி, விதைக்கு வழியில்லை. துண்டாலும் கிழங்காலும் மட்டுமே பரவி, மாநிலத்தின் ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்தது. அதை அடக்க இன்றும் வருடா வருடம் பல மில்லியன் டொலர் செலவாகிறது.

கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் 2020 நவம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. தொட்டிச் செடியான கபோம்பா, வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூத்தது. பார்க்க வந்த கூட்டம் படம் எடுத்ததோடு நிற்காமல் ஆளுக்கொரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது! பரப்புகிற வேலையைச் சனங்களே செய்து முடித்தார்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது பொன்னாங்காணி விஷயம். முக்குனுவென்ன என்று சந்தையில் கட்டுக் கட்டாய் வாங்கிச் சுண்டுகிறோமே, அதே கீரைதான். அதன் சொந்தக்காரச் செடி ஒன்று தென்னமெரிக்காவிலிருந்து வந்த அலிகேட்டர் வீட். 1990களில் அவுஸ்திரேலியாவில் பார்த்தபோது, இலங்கையர் வீட்டுப் பின்வளவுகளில் அது முக்குனுவென்ன என்ற பெயரில் செழித்துக் கிடந்தது. ஒருவர் கொப்பு ஒடித்துக் கொடுக்க, அடுத்தவர் குத்தி வைக்க, நல்ல மனசாலேயே பரவிய களை. 1999 அளவில் இலங்கையிலும் அடையாளம் கண்டார்கள். வித்தியாசம் பூவில் இருக்கிறது. பொன்னாங்காணிப் பூ காம்பில்லாமல் இலைக் கக்கத்திலேயே ஒட்டியிருக்கும். களையின் வெள்ளைப் பூவுருண்டை நீளக் காம்பில் நிற்கும். அதன் தண்டு குழல் மாதிரி இருக்கும் என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், தண்ணீரில் வளர்ந்தால் நல்ல கீரையின் தண்டும் ஏமாற்றும்.

"நம்ம குளிருக்கு எதுவும் பெருகாது" என்று சொல்பவர்களுக்கு: கொலம்பியாவில் 2,500 மீற்றருக்கு மேலே இருக்கிற ஃபுகேனே ஏரியை அடைத்தது எகேரியா. கடைகளில் மலிவாகக் கிடைக்கிற பச்சைக் கொத்து அதுதான். குளிர்ந்த தண்ணீர் அதற்குப் பிடிக்கும்.

கடையில் "அண்ணே, செவப்புத் தண்டு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கினால் பெயர் தெரியாது. பெயரைக் கேளுங்கள், சரிபாருங்கள். இலையின் வடிவத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பண்ணையில் தண்ணீருக்கு மேலே வளர்ந்த ரொட்டாலாவுக்கு வட்ட இலை; தொட்டிக்குள் போனதும் அதே செடி ஒல்லி இலை விடும். கணுவைப் பாருங்கள். லுட்விஜியா ரெபென்ஸ், பகோபா, ஹைக்ரோபிலா எல்லாம் கணுவுக்கு எதிரெதிராய் இரண்டு இலை. ஹைட்ரில்லாவும் எகேரியாவும் கணுவைச் சுற்றி வட்டமாய் இலை விடும். விரலால் தடவினால் ஹைட்ரில்லா சொரசொரக்கும்.

வளர்ப்பதைத் தடுக்கவில்லை. நுனியிலிருந்து நாலைந்து அங்குலம், கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி, மணலில் இடைவெளி விட்டு ஊன்றுங்கள். ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். மிச்சத் துண்டுகளை எண்ணெய் வடிக்கிற மாதிரி துணியில் வடித்து, வெயிலில் தகரத்தின் மேல் நொறுங்கும் வரை காயவிடுங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. அடுப்புக்கு மேல் பரணில் உலர்த்தி அடுப்பிலேயே போடுங்கள். குப்பைக் குழியில் பச்சையாய்ப் போட்டால் அங்கேயே முளைக்கும். தொட்டித் தண்ணீரையும் துணியில் வடிகட்டி, கானுக்குத் தூரமாய் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

ஆற்றோரத்திலோ மரக்கறித் தோட்டத்துக் கானிலோ சந்தேகமான கொடி கண்டால் மண்வெட்டியால் கொத்த வேண்டாம், ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். பூவோடு ஒரு கொப்பை மட்டும் பொலித்தீன் பையில் இறுக முடிந்து, பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.